ஐவர் சபையும் ஒரு பிடி அறுகம்புல்லும்

மலங்காட்டுச் சுனையோரம் சடையன் என்றொரு ஆண் இருவாச்சிப் பறவை இருந்தான். அவன் மனைவி பூவாயி உயர்ந்த மரப்பொந்துக்குள் போய், வாசலை மண்பூசி அடைத்துக்கொண்டு முட்டையிட்டிருந்தாள். இருவாச்சிகள் வழக்கமே அப்படித்தான். அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறல் மட்டும் திறந்திருக்கும். உள்ளே இருக்கும் பெண்ணுக்குச் சிறகெல்லாம் உதிர்ந்துவிடும். உடைத்து வெளியே வந்தாலும் பறக்க முடியாது. இப்போது குஞ்சும் பொரிந்துவிட்டது. சடையன் பழம் கொண்டுவந்து ஊட்டினால்தான் இரண்டு உயிருக்கும் சாப்பாடு.

அந்த நேரம் பார்த்து அவனுக்கு ஐவர் சபையிலிருந்து அழைப்பு வந்தது.

கோடைக்கென்று காடே காத்து வைத்திருந்த வள்ளிக்கிழங்குத் தோட்டத்தை யாரோ தோண்டித் தின்றுவிட்டார்கள். தோட்டக் காவல்காரனான காட்டுப்பன்றி, முள்ளம்பன்றிதான் திருடன் என்று புகார் கொடுத்தது. இப்படி வழக்கு வந்தால் குடிகளில் ஐந்து பேர் உட்கார்ந்து கேட்க வேண்டும். ஐந்து பேரும் ஒரே வார்த்தை சொன்னால்தான் தீர்ப்பு. அதுவரை தினமும் விடிந்ததிலிருந்து இருட்டும்வரை ஐவரில் எவரும் எழுந்து போகக் கூடாது. போனால் காட்டைவிட்டே துரத்திவிடுவார்கள்.

முதலில் யானையைத்தான் கூப்பிட்டார்கள். கால் வலி என்றது, விட்டுவிட்டார்கள். முதலை தண்ணீரை விட்டு வரமுடியாது என்றது, அதையும் விட்டுவிட்டார்கள். சடையன் போய் பொந்துக் கதையைச் சொன்னான். "எல்லாருக்கும் வீடு இருக்கு, போய் உட்காரு" என்று சொல்லிவிட்டார்கள். பெரிய இடத்துக்குக் கால் வலித்தால் அது காரணம், சின்ன இடத்தில் குஞ்சு பட்டினி கிடந்தால் அது சாக்கு. நன்றாயிருக்கிறதல்லவா நியாயம்?

கடைசியில் உட்கார்ந்தவர்கள் சடையன், ஒரு அணில், ஒரு முயல், ஒரு ஆமை, ஒரு கருமந்தி. சபையில் உட்காருவதற்கான படி என்று ஆளுக்கு ஒரு பிடி அறுகம்புல் கொடுத்தார்கள். முயல் தின்றது. அணிலும் இருவாச்சியும் புல்லை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள்? கொடுத்தவர்கள் அதைக் கேட்கவே இல்லை.

சிங்கராஜா உச்சிவெயிலில்தான் வரும், வயிறாரத் தின்றுவிட்டு. கொஞ்ச நேரம் கேட்கும், கொட்டாவி விடும், "நாளைக்குப் பார்க்கலாம்" என்று போய்விடும். போன பிறகும் ஐவர் இருட்டும்வரை உட்கார்ந்தே கிடக்க வேண்டும். இருட்டிய பிறகு விட்டு என்ன பிரயோசனம்? இருட்டில் இருவாச்சி பழம் தேடுமா? விடியற்காலையில் பறக்கிற வழியில் கிடைத்த ஒன்றிரண்டு பழத்தைப் பொந்துக்குள் தள்ளிவிட்டு ஓடிவருவான் சடையன். நாளாக ஆகப் பூவாயியின் அலகு கீறலுக்கு வரவே நேரமானது. குஞ்சின் சத்தமும் மெலிந்துகொண்டே போனது.

மற்றவர்கள் பாடும் சொல்லும்படி இல்லை. அணில் சேர்த்த கொட்டையெல்லாம் களவு போயிற்று. மந்தியின் கூட்டத்தை வேறொரு கடுவன் குரங்கு வளைத்துக்கொண்டது. முயலுக்குக் குட்டிகள் நினைப்பாகவே இருந்தது. ஆமைக்கு நடந்து வீடு போய்ச் சேருவதற்குள் மறுபடி புறப்படும் நேரம் வந்துவிடும், பாவம்.

பசித்தவர்கள் சீக்கிரம் இணங்கிவிடுவார்கள் என்று காட்டுப்பன்றிக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் அது பேச்சை வளர்த்துக்கொண்டே போனது. முள்ளம்பன்றியின் முள் ஒன்று குத்தியிருந்த மண்கட்டியை நடுவில் வைத்து, இதுதான் அத்தாட்சி என்று தினமும் அதையே பாடியது. அந்தக் கட்டியைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்கலாமே என்று சடையன் கேட்டபோது, "பார்த்து என்ன ஆகப்போகுது? சொல்லிட்டுக் கிளம்புவோம்" என்று மற்ற நால்வரும் முனகினார்கள். முள்ளம்பன்றி ஒரு ஓரத்தில் உட்கார்ந்து அவர்கள் முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. காட்டைவிட்டுத் துரத்தினால் அதற்குப் போக்கிடம் கிடையாது.

ஒருநாள் காலையில் சடையன் பழத்தை நீட்டினான். கீறலுக்கு அலகு வரவில்லை. கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்த பிறகு மெல்ல வந்தது. அன்று சபைக்கு வந்தபோதும் அவன் பொந்து இருந்த திசையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

காட்டுப்பன்றி பக்கத்தில் வந்து குசுகுசுத்தது. "திருடன்னு ஒரு வார்த்தை சொல்லு சடையா. மத்த நாலு பேரும் ரெடி. இப்பவே உன் பெண்டாட்டிகிட்டப் போயிடலாம்."

சடையனுக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது அந்த வார்த்தை. அதை உணர்ந்ததும் அவனுக்கே தன்மேல் அருவருப்பு வந்தது. அப்புறம் கோபம் வந்தது. உச்சிவெயிலில் வந்த சிங்கத்தைப் பார்த்து, குஞ்சுக்கு ஊட்டிவிட்டு வருகிறேன் என்று கேட்டான்.

"காட்டுக்குச் சேவை செய்யறது கௌரவம். அதுக்கு இவ்வளவு அலுத்துக்கிறியே" என்றது சிங்கம்.

"கௌரவத்தைக் கொண்டுபோய்ப் பொந்துக்குள்ள போட்டா அவ தின்பாளா ராஜா?" என்று கேட்டுவிட்டு சடையன் பறந்தே போய்விட்டான்.

சபை கலகலத்தது. ஓடிப்போனவனைத் துரத்த வேண்டும் என்று காட்டுப்பன்றி குதித்தது. சிங்கமும் உறுமிக்கொண்டு, அன்று எழுந்து போகாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தது. ஆனால் பொழுது சாய்வதற்குள் சடையன் திரும்பி வந்துவிட்டான். தன் இடத்தில் உட்கார்ந்தான். தொண்டைப் பையிலிருந்து அத்திப்பழங்களை ஒவ்வொன்றாகக் கக்கி எடுத்து நால்வர் முன்னாலும் வைத்தான். இருவாச்சிகள் பெண்டாட்டிக்குச் சோறு கொண்டுபோகிற முறை அதுதான்.

"அவங்க ரெண்டு பேரும் சாப்பிட்டாச்சு. நீங்களும் சாப்பிடுங்க. சாப்பிட்டுட்டுச் சொல்லுங்க, முள்ளம்பன்றிதானா?"

நால்வரும் தின்றார்கள். தின்று முடித்ததும் ஒருவரை ஒருவர் பார்க்கக் கூச்சப்பட்டார்கள். அப்புறம் அணில் எழுந்து போய் அந்த மண்கட்டியைப் புரட்டியது. அடியில் பிளந்த குளம்பின் தடம் தெளிவாகப் பதிந்திருந்தது. முள்ளம்பன்றிக்கு ஏது குளம்பு? மந்தி காட்டுப்பன்றியின் காலைத் தூக்கி அதில் வைத்துப் பார்த்தது. அச்சாகப் பொருந்தியது.

"முள்ளம்பன்றி திருடன் இல்லை" என்று ஐவரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

சிங்கத்துக்கு முகம் தொங்கிப்போயிற்று. சடையன் விடவில்லை. "இத்தனை நாளும் இங்க தீர்ப்பு சொல்லக் காத்திருந்தது நாங்க இல்ல ராஜா, எங்க பசி. எங்களுக்குப் போடாம நீங்க மிச்சம் பிடிச்ச சோத்துக்கு, அந்த முள்ளம்பன்றிப் பாவி தலையைக் கொடுக்க இருந்தான்."

அன்றைக்கே சிங்கம் உத்தரவு போட்டது. சபையில் உட்காருகிறவர் வீட்டுக்கு, அவரவர் தின்கிற தீனி, பொழுதோடு போய்ச் சேர வேண்டும். அதைச் சுமப்பது காட்டுப்பன்றிக்குத் தண்டனை. சடையனைத் துரத்தும் பேச்சு அதோடு நின்றது. யானைக்கும் முதலைக்கும் அடுத்த சபைக்கு முதல் அழைப்பு போயிற்று. பொந்து வாசலில் பூவாயியின் அலகுக்குப் பக்கத்தில் இன்னொரு குட்டி அலகும் எட்டிப் பார்க்க ஆரம்பித்தது.

நியாயம் சொல்ல ஒருவரை உட்கார வைக்கிறவர்கள் அவர் வீட்டு வயிற்றுக்கும் வழி செய்ய வேண்டும். செய்யாவிட்டால் அங்கே தீர்ப்புச் சொல்வது பசியாகத்தான் இருக்கும்.