இருவாச்சியின் சிமெண்ட் சுவர்

சோலைக்காட்டில் ஓர் உயரமான வெண்தேக்கு மரம் இருந்தது. அதன் பொந்தில்தான் பொன்னலகன் என்ற ஆண் இருவாச்சியும் வெண்விழி என்ற பெண் இருவாச்சியும் ஆண்டுதோறும் குஞ்சு பொரிக்கும்.

இருவாச்சிகளின் வழக்கமே தனி. முட்டையிடும் காலம் வந்ததும் பெண் பறவை பொந்துக்குள் போய்விடும். மண்ணையும் எச்சத்தையும் குழைத்துப் பொந்தின் வாயை அடைத்துக்கொள்ளும். அலகு நுழைகிற அளவுக்கு ஒரு கீறல் மட்டும் விட்டுவைக்கும். உள்ளே அதன் சிறகுகள் உதிர்ந்துவிடும். அவை திரும்ப முளைக்கும்வரை ஆண் பறவைதான் பழம் கொண்டுவந்து ஊட்டும். சிறகு முளைத்த பிறகு பெண் பறவை சுவரைக் கொத்தி உடைத்து வெளியே வரும். அதன் பின் இரண்டும் சேர்ந்து குஞ்சுக்கு இரை தேடும்.

போன ஆண்டு ஒரு மரநாய் வந்து மண்சுவரைப் பிறாண்டி ஓட்டை போட்டது. ஒரே ஒரு முட்டை இருந்தது. அதைத் தின்றுவிட்டுப் போய்விட்டது. பொன்னலகன் பழத்தோடு திரும்பி வந்தபோது, சிறகில்லாத வெண்விழி பொந்தின் மூலையில் ஒடுங்கிக் கிடந்தது.

இந்த ஆண்டு பொன்னலகனுக்கு ஓடை மண் மட்டும் போதும் என்று தோன்றவில்லை. காட்டோரத்தில் மனிதர்கள் ஒரு விடுதி கட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே குப்பை கிளறிய மைனாவிடம் போய்க் கேட்டது.

"தம்பி, அந்தச் சட்டியில் குழைத்து வைத்திருக்கிறார்களே, அது என்ன?"

"சிமெண்ட் கலவை அண்ணே. இன்றைக்குச் சேறு மாதிரி இருக்கும். இரண்டு நாளில் கல்லாகிவிடும்."

"மரநாய் பிறாண்டினால் உடையுமா?"

"மரநாயா? யானைகூட முட்ட யோசிக்கும்."

பொன்னலகனுக்கு வேறெதுவும் கேட்கத் தோன்றவில்லை. அலகு அலகாகக் கலவையை அள்ளிக்கொண்டு பறந்தது.

வெண்விழி உள்ளிருந்து மண் பூசிக்கொண்டிருந்தது. வெளிப்பக்கத்தில் சாம்பல் நிறத்தில் ஏதோ ஒட்டுவதைப் பார்த்துவிட்டு, "இது நம் மண் இல்லையே. நான் கொத்தினால் உதிருமா?" என்று கேட்டது.

"கல் மாதிரி நிற்கும். யாராலும் உடைக்க முடியாது."

"யாராலும் என்றால்?"

"பயப்படாதே. இந்தத் தடவை நம் பிள்ளையை யாரும் தொட முடியாது."

முட்டையைப் பறிகொடுத்த நாளிலிருந்து பொன்னலகன் இவ்வளவு தெம்பாகப் பேசியதில்லை. அதனால் வெண்விழி மேற்கொண்டு கேட்காமல் உள்பக்கம் மண் பூசுவதைத் தொடர்ந்தது.

ஒரு மாதம் கழித்து மரநாய் வந்தது. வெகுநேரம் பிறாண்டிப் பார்த்தது. நகம் பெயர்ந்ததுதான் மிச்சம். திரும்பிப் போய்விட்டது. எதிர்க்கிளையில் இருந்து அதைப் பார்த்த பொன்னலகன் மகிழ்ச்சியில் காடே அதிரக் கத்தியது. சில நாட்களில் குஞ்சும் பொரிந்தது.

வெண்விழிக்குச் சிறகு முளைத்து முடிந்தபோது வானம் கறுக்கத் தொடங்கியது. அத்திப் பழங்கள் குறைந்துவிட்டன. ஒரு பறவை கொண்டுவரும் இரை இரண்டு வயிற்றுக்குப் போதவில்லை. வெண்விழி சுவரைக் கொத்த ஆரம்பித்தது. உள்ளே பூசிய மண் ஒரே காலையில் உதிர்ந்தது. அதற்கப்பால் கல்.

மூன்று நாள் கொத்தியது. வெளியிலிருந்து பொன்னலகனும் கொத்தியது. நான்காம் நாள் வெண்விழியின் அலகு நுனி பிளந்துவிட்டது.

"மரங்கொத்தியைக் கூப்பிடுங்கள்" என்றது வெண்விழி.

பொன்னலகனுக்குக் கூச்சமாக இருந்தது. சொந்த மனைவியைத் தானே உள்ளே வைத்துப் பூசிவிட்டதை எப்படிப் போய்ச் சொல்வது?

"மழை வரட்டும். நனைந்தால் இளகிவிடும்" என்றது.

மழை வந்தது. ஐந்து நாள் விடாமல் பெய்தது. சுவர் கறுத்ததே தவிர இளகவில்லை. பொன்னலகன் மழையில் அலைந்து இரண்டு பழம், மூன்று பழம் என்று கொண்டுவந்தது. வெண்விழி கீறல் வழியாக வாங்கிக்கொள்ளும்.

"நீ சாப்பிட்டாயா?"

"சாப்பிட்டேன்."

அது பொய். வாங்கியதையெல்லாம் குஞ்சுக்கே கொடுத்துக்கொண்டிருந்தது.

ஆறாம் நாள், வெண்விழியின் குரல் மிகவும் தாழ்ந்துபோனதும், பொன்னலகன் கூச்சத்தை விட்டுவிட்டு மரங்கொத்தியிடம் ஓடியது. மரங்கொத்தி வந்து சுவரைத் தட்டிப் பார்த்தது.

"இந்தக் கல்லை என்னால் உடைக்க முடியாது. ஆனால் மரம் எனக்குத் தெரியும். கல்லை விட்டுவிட்டு, அதைச் சுற்றியிருக்கிற மரத்தை எடுத்துவிடலாம். இரண்டு நாள் ஆகும். முதல் நாளே கூப்பிட்டிருக்கக் கூடாதா?"

பொன்னலகன் தலை குனிந்துகொண்டது.

மரங்கொத்தி உறங்கும் நேரம் தவிர ஓயவில்லை. இரண்டாம் நாள் மாலை, பொந்தின் வாயோரம் ஓர் உடல் நுழையும் அளவுக்கு வழி திறந்தது. பொன்னலகன் உள்ளே தலையை நீட்டியது.

குஞ்சு கொழுகொழுவென்று இருந்தது. பசிக்கிறது என்று கத்தியது. அது சாய்ந்துகொண்டிருந்த வெண்விழியின் உடம்பில் சூடு இல்லை. புதிதாய் முளைத்த நீண்ட சிறகுகள், ஒருமுறைகூட விரியாமல், இரண்டு பக்கமும் மடிந்து கிடந்தன.

பொன்னலகன் அந்தக் குஞ்சைத் தனியாக வளர்த்தது. மழை விட்ட ஒரு நாள் குஞ்சு வெளியே வந்து, கிளையில் தடுமாறி, பிறகு பறந்தது. பறந்து வந்து தகப்பனிடம் கேட்டது:

"அம்மா ஏன் வெளியே வரவில்லை?"

"நான் கட்டிய சுவர் நன்றாக இருந்தது. அதனால்தான்" என்றது பொன்னலகன்.

குஞ்சுக்கு அது புரியவில்லை. அதன் பிறகு அந்த மரத்துக்குப் பொன்னலகன் போகவே இல்லை.

கட்டும் பொருள் எவ்வளவு உறுதியானது என்று மட்டும் பார்த்தால் போதாது, அதற்குள் வாழப்போகிறவருக்கு அது பொருந்துமா என்றும் பார்க்க வேண்டும்.