சம்பா யார் பேச்சைக் கேட்கும்?

அந்தக் காலத்தில் நெல்லுக்கு வாயும் இருந்தது, காதும் இருந்தது. வரப்பில் நின்று "பூத்துக்கோ" என்று மனிதர் மூன்று முறை சொன்னால்தான் எந்தப் பயிரும் பூக்கும்.

காத்தாயிக்கு இருந்தது ஒரே வயல். வீட்டிலிருந்த கடைசி மரக்கால் சம்பா நெல்லையும் அதில் விதைத்துவிட்டாள். அடுத்த வருஷ விதையும் அதிலிருந்துதான் வந்தாக வேண்டும். பக்கத்து வயல் செங்கமலம் சீக்கிரம் விளையும் குறுவை நெல் போட்டவள். ஐப்பசி பிறக்குமுன்னே அறுத்து, புது நெல் குத்தி, உலையும் வைத்துவிட்டாள். அந்தச் சோற்று வாசனை வேலி தாண்டி வந்தது. கீரைத்தண்டு தின்று அலுத்த பிள்ளைகள் காத்தாயியின் முகத்தைப் பார்த்தன.

ஆக்கப் பொறுத்தவளுக்கு ஆறப் பொறுக்கவில்லை. நேரே வரப்புக்குப் போனாள்.

"பூத்துக்கோ சம்பா!"

"இப்பவா? மேகத்தைப் பாரு ஆத்தா. நனைஞ்சா என் பூ தாங்காது, பதராப் போயிடும்" என்றது சம்பா.

"உனக்கென்ன, வயிறா பிள்ளையா? சொன்னதைச் செய்!" என்று மேலும் இரண்டு முறை சொல்லிவிட்டாள். சொல் சொல்தானே, வயல் பூத்தது. வடக்கு மூலையில் தாழம்புதருக்குப் பின்னால் நின்ற நாலைந்து தூருக்கு மட்டும் அவள் குரல் எட்டவில்லை.

மறுநாள் பிடித்த மழை பத்து நாள் விடவில்லை. கதிரை நசுக்கிப் பார்த்தாள் காத்தாயி. பாலே இல்லை, அத்தனையும் பதர். "என் வாயாலேயே கெடுத்தேனே, பாவி!" என்று சேற்றில் உட்கார்ந்து அழுதாள்.

மூலையில் நின்ற தூர்களுக்கு மனிதர் பேச்சே வெறுத்துப் போயிற்று. சூரியனைக் கூப்பிட்டுக் கேட்டன. "நீயே சொல்லு சாமி, எப்போ பூக்கலாம்?"

"எனக்கேது பேச நேரம்? பாரு, பகல் சுருங்குது, நான் வெரசா வீடு திரும்புறேன். வருஷா வருஷம் இதைப் பார்த்துக் கருக்கட்டு. கதிர் வெளியே வரும்போது மழை ஓஞ்சிருக்கும்" என்றான் சூரியன்.

செங்கமலம் வீட்டில் விதையாகக் கிடந்த குறுவைக்குச் சிரிப்பு. "எனக்கு ஆளும் வேண்டாம், சூரியனும் வேண்டாம். என் வயசு வந்தா பூப்பேன்" என்று அது தன் வழியில் போயிற்று.

தையில் அந்த மூலைத் தூர்களிலிருந்து காத்தாயிக்குத் தேறியது இரண்டு கைப்பிடி நெல். பிள்ளைகள் பானையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தன. அவள் பானையை வாங்கிக் கவிழ்த்து வைத்தாள். நெல்லை முடிச்சாகக் கட்டி உத்தரத்தில் தொங்கவிட்டாள். அந்த வருஷம் முழுக்கவும் கீரைத்தண்டுதான்.

அன்று முதல்தான், முன்னால் நட்டாலும் பின்னால் நட்டாலும், பகல் சுருங்காமல் சம்பா பூப்பதில்லை. வரப்பில் நிற்பவரின் பசி அதன் காதில் விழுவதுமில்லை.