மைக் செட்காரரின் முயல்

"அம்மா! எதை வெச்சாலும் திங்க மாட்டேங்குதுங்கம்மா!"

நாச்சிமுத்து முற்றத்தில் நின்று கத்தினார்.

அவருக்கு மெதுவாகப் பேச வராது. மடத்துக்கு வரும்வரை ஊர் ஊராக மைக் செட் கட்டியவர். ஒலிபெருக்கிக்குப் பக்கத்திலேயே நின்று காது மந்தமாகிவிட்டது. குரல் மட்டும் நன்றாக வளர்ந்திருந்தது.

பூரணி அம்மா முறத்திலிருந்து தலையைத் தூக்கினார். மலைமேல் இருந்த அந்தச் சின்ன மடத்துக்கு அவர்தான் குரு. நாச்சிமுத்துவுக்கு மகள் வயது. ஆனாலும் இவர் அவரை அம்மா என்பார். அவர் இவரை அண்ணா என்பார்.

"எதுங்கண்ணா?"

"முயல்குட்டிங்க! நேத்து அடிவாரத்து மயிலாத்தா குடுத்தாங்களே, அது!"

நெஞ்சோடு அணைத்திருந்த துண்டை விலக்கிக் காட்டினார்.

சாம்பல் நிறக் குட்டி. காதுகள் முதுகோடு ஒட்டிக் கிடந்தன. விலா படபடவென்று அடித்துக்கொண்டது. கழுத்தில் சிவப்பு ரிப்பன். ரிப்பனில் ஒரு சலங்கை.

"என்னென்ன குடுத்தீங்க?"

"கேரட்டு. முட்டைக்கோசு. வாழைப்பழம். பால்ல நனைச்ச ரொட்டி. காலையில பூசைப் பொங்கல்கூட நெய் ஊத்தி வெச்சேனுங்க!"

"அது என்ன கேட்டுச்சு?"

"முயலு எங்கங்கம்மா கேக்கும்?"

பூரணி அம்மா கிட்டே வந்தார். ரிப்பனை அவிழ்த்தார். சலங்கை ஒருமுறை கிணுங்கியது. குட்டி மொத்தமாக நடுங்கி அடங்கியது.

"அண்ணா, குட்டி முயலு வயிறு சும்மா இருக்கக் கூடாது. இன்னிக்கும் வாய் வைக்கலைன்னா பொழைக்காது."

நாச்சிமுத்துவின் குரல் அன்றைக்கு முதல்முறையாகத் தணிந்தது.

"பொழைக்காதுங்களா?"

"பொழைக்காது."

மனைவி இறந்துபோன பிறகு அவர் ஆசையாகக் கையில் தூக்கிய முதல் உயிர் அது.

*

பூரணி அம்மா அவருடைய அறைக்கு வந்தார். தட்டுகளையெல்லாம் எடுத்து வெளியே வைத்தார். ஒரு கிண்ணம் தண்ணீரும் ஒரு கட்டுக் காய்ந்த புல்லும் கொண்டுவந்தார்.

"காய்ஞ்ச புல்லையா திங்கும்? கேரட்டையே திங்கலீங்களே!"

அடுத்து, வாய் உடைந்த பழைய மண்பானை ஒன்றை உருட்டிவந்து மூலையில் படுக்கவைத்தார்.

"எறக்கி விடுங்க."

இறக்கி விட்டார். குட்டி சுவரோரமாக ஊர்ந்துபோய்ப் பானைக்குள் நுழைந்துகொண்டது. வால்கூடத் தெரியவில்லை.

"ஐயோ, உள்ள போயிடுச்சுங்களே! இனி எப்படிப் பாக்கறது?"

"நீங்க பாக்கணுமா, அது திங்கணுமா?"



*

கொஞ்ச நேரம்தான். நாச்சிமுத்து மறுபடியும் ஓடிவந்தார்.

"அம்மா, அதுக்கு என்மேல கோவமுங்க! பானைக்குள்ள எட்டிப் பாத்தா, பின்னங்காலால தரையை டொம்முனு உதைக்குது!"

"எத்தனை தடவை எட்டிப் பாத்தீங்க?"

"எண்ணலீங்க. பாக்கும்போதெல்லாம் உதைக்குது."

"அது கோவம் இல்லீங்கண்ணா. முயலுகிட்ட இருக்கற மைக் செட்டு அது ஒண்ணுதான்."

நாச்சிமுத்துவின் கண்கள் விரிந்தன. "அறிவிப்புங்களா! யாருக்குங்க?"

"மத்த முயலுகளுக்கு. ஆபத்து வந்திருக்குது, ஓடிப் பொழைச்சுக்குங்கனு."

"இங்க என்னங்க ஆபத்து?"

பூரணி அம்மா அவரையே பார்த்தார்.



நாச்சிமுத்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். பெரிய கைகள். ஒலிபெருக்கியைத் தோளில் சுமந்து மரமேறிய கைகள்.

*

அறைக்குத் திரும்பி, பானைக்கு எட்டத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். எட்டிப் பார்க்கவில்லை. புல் வைத்தபடியே கிடந்தது.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

மடத்துக்கு வந்து சேர்ந்த புதிது அவருக்கு ஞாபகம் வந்தது. மடத்தில் மெத்தை கொடுத்தார்கள், போர்வை கொடுத்தார்கள். தூக்கம் மட்டும் வரவில்லை. தலையணையில் வேறு வாசம். வீட்டிலிருந்து தன் பழைய அழுக்குத் தலையணையை வரவழைத்துத் தலைக்கு வைத்த பிறகுதான் கண் சொக்கியது.

விருட்டென்று எழுந்தார்.

"எங்கங்கண்ணா இந்த வெயில்ல?" என்றார் எதிரே வந்த பூரணி அம்மா.

 நாச்சிமுத்து செருப்பை ஒரு காலில் மாட்டிக்கொண்டே மலைப்பாதையில் இறங்கி ஓடினார்.

*

மயிலாத்தா முயல் கூண்டுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தாள். மூச்சிரைக்க வந்து நின்றவரைக் கண்டு பயந்துபோனாள்.

"என்னுங்க? குட்டிக்கு ஏதாவது ஆயிடுச்சா?"

"இன்னும் ஆகலீங்க! அது பொறந்து கெடந்த பெட்டி இருக்குதுங்களா? அதுல இருக்கற புல்லு கொஞ்சம் குடுங்க!"

"அதுல தாய் முயலு படுத்துக் கெடக்குதுங்க. ஒரே அழுக்கு. புதுசாத் தாரேன்."

"அழுக்கேதாங்க வேணும்!"

அவள் சிரித்தாள். தாயின் ரோமம் ஒட்டிய புல்லை ஒரு பையில் அள்ளிப் போட்டாள். குட்டி அங்கே தின்று பழகிய காய்ந்த கடலைக்கொடியையும் ஒரு கட்டு கொடுத்தாள்.

பையை மார்போடு பிடித்துக்கொண்டு ஏறினார். பாதி வழியில் நெஞ்சு அடைத்தது. நிற்கவில்லை.

*

அந்தப் புல்லைப் பானை வாயருகே வைத்தார். பக்கத்தில் கடலைக்கொடி. பிறகு பானைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

திரும்பிப் பார்க்கவேண்டும் என்று கழுத்து தவித்தது. இரண்டு கையாலும் முழங்காலை இறுக்கிக்கொண்டார்.

வெயில் சன்னலை விட்டு இறங்கியது.

கறுக்.

நாச்சிமுத்து மூச்சை நிறுத்தினார்.

கறுக். கறுக், கறுக், கறுக்.

பக்கத்தில் நின்று கூப்பிட்டாலும் சரியாகக் கேட்காத காது அவருடையது. அந்தக் காதுக்கு, ஒரு முயல்குட்டி கடலைக்கொடி கடிக்கும் சத்தம் கேட்டது.

அலறவேண்டும்போல் இருந்தது. தோளில் கிடந்த துண்டை எடுத்து வாய்க்குள் திணித்துக்கொண்டார். தோள்கள் குலுங்கின. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

நுனிக்காலில் அடுக்களைக்கு வந்தார். பூரணி அம்மா அடுப்படியில் நின்றிருந்தார். நாச்சிமுத்து வாயில் துண்டோடு, விரல்களைக் குவித்து வாயருகே கொண்டுபோய்க் கொண்டுபோய்க் காட்டினார். இரண்டு கையையும் தலைமேல் வைத்துக் காது காட்டினார்.

"சத்தமாச் சொல்லுங்கண்ணா. ஒண்ணும் கேக்கலை."

துண்டை உருவினார்.

"திங்குதுங்க," என்று கிசுகிசுத்தார்.

பூரணி அம்மா கரண்டியைப் போட்டுவிட்டு, அவருக்கு முன்னால் நுனிக்காலில் ஓடினார்.

*

அடுத்து வந்த நாட்களில் நாச்சிமுத்து அறைக்குள் தவழ்ந்துதான் போனார். தண்ணீர் மாற்றுவார், புல் வைப்பார், முதுகைக் காட்டி உட்காருவார். வயிறு பழகட்டும் என்று முதலில் ஒரே ஒரு அகத்திக்கீரை இலை வைத்தார். அது ஒத்துக்கொண்ட பிறகுதான் இன்னொன்று.

ஒருநாள் குட்டி வெளியே வந்து அவருடைய கால் பெருவிரலை முகர்ந்தது. கூச்சத்தில் அவருக்கு உடம்பு முறுக்கியது. அசையவில்லை.

இன்னொரு நாள் அவர் மடியில் ஏறி, அந்தப் பக்கம் இறங்கிப் போனது. அவ்வளவுதான். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தார்.

அன்று மடத்துக்கு வந்தவர்களையெல்லாம் நிறுத்தி, "மடியில ஏறி எறங்குச்சுங்க!" என்று தணிந்த குரலில் சொன்னார். அவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்துவிட்டு எல்லோரும் சிரித்தார்கள்.

*

பிறகு ஒரு காலை. சுற்றிலும் சுவர் இருந்த முற்றத்தில் குட்டியை உலாவ விட்டிருந்தார்.

"அம்மா! ஓடி வாங்க! வலிப்பு வந்திருச்சுங்க!"

பழைய குரல். மலையே எதிரொலித்தது.

பூரணி அம்மா மாவுக் கையோடு ஓடிவந்தார்.

முற்றத்தின் நடுவே குட்டி ஓடியது. ஓடிய வேகத்தில் எம்பியது. அந்தரத்தில் உடம்பை ஒரு பக்கமும் தலையை மறுபக்கமும் முறுக்கி, பின்னங்கால்களை உதறியது. கீழே விழவில்லை, நான்கு காலில் நின்றது. ஓடியது. மறுபடியும் எம்பியது.

நாச்சிமுத்து தலையில் கை வைத்துக்கொண்டார்.

"வைத்தியரைக் கூப்பிடட்டுங்களா?"

"அண்ணா, நல்லாப் பாருங்க."

பார்த்தார்.

குட்டி இன்னொரு முறை எம்பி, காற்றில் நெளிந்து, இறங்கி, காதைச் சிலுப்பிக்கொண்டு நின்றது. நின்ற இடத்தில் ஒரு புல்லைக் கடித்தது. கடித்தபடியே திரும்பவும் குதித்தது.

"வலிப்பு இல்லீங்களா?"

"இல்லீங்க."

"யாரும் தொரத்தலை. தீனி ஒண்ணும் புதுசா வைக்கலை. அப்புறம் எதுக்குங்கம்மா இப்படிக் குதிக்குது?"



பூரணி அம்மா மாவுக் கையைத் துடைத்தார். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினார். படியிறங்கி முற்றத்துக்கு வந்தார்.

குதித்தார்.

கொண்டை அவிழ்ந்தது. முடிந்துகொள்ளவில்லை, சிரித்தார். இன்னொரு முறை, இன்னும் உயரமாக, உடம்பை ஒரு பக்கம் வெட்டிக் குதித்தார்.

நாச்சிமுத்து வாயைப் பிளந்து நின்றார்.

"அம்மா... நீங்க எதுக்குங்க..."

கேள்வி முடியவில்லை. அதற்குள் நாச்சிமுத்துவின் கால்களும் தரையில் இல்லை.