தேன்மூக்கனின் நெஞ்சில் ஒரு தவளை

இந்தக் கதையில் ஒரு கரடி வயிறு குலுங்கச் சிரிக்கும். நீங்களும் கூடவே சிரிக்கலாம். ஆனால் அவசரப்படாதீர்கள். அதற்கு முன்னால் அந்தக் கரடியின் கை வீங்கியாக வேண்டும்.

இலுப்பைக் காட்டில் சீட்டி என்று ஒரு கரிச்சான் குருவி இருந்தது. அது போடாத குரல் கிடையாது. கீரியின் குரலில் பாம்பை விரட்டும். குட்டியின் குரலில் தாய்க்குரங்கை அலையவிடும். பிறகு ஒன்றும் தெரியாததுபோல் கிளையில் உட்கார்ந்து வாலை ஆட்டும்.

ஒரு நாள் காலை, தேன்மூக்கன் என்ற கரடி தேனடையில் கை வைத்துவிட்டு, தேனீக்களுக்குப் பயந்து தலைதெறிக்க ஓடி வந்தது. சுனையில் மடமடவென்று தண்ணீர் குடித்துவிட்டு அப்படியே சாய்ந்தது. நெஞ்சுக்குள் ஏதோ தட்டியது. லப்டப், லப்டப்.

"யாருடா உள்ளே?" என்றது கரடி.

சீட்டிக்கு இது போதாதா? இலைமறைவில் இருந்துகொண்டு தவளைக் குரலில் பேசியது. "நான்தான் அண்ணே. தண்ணியோட சேத்து என்னையும் முழுங்கிட்டீங்க. கதவைத் திறங்க."

கரடி பதறிப்போனது. நெஞ்சைத் தடவித் தடவி மன்னிப்புக் கேட்டது. தின்றால் தவளை கொழுத்துவிடும் என்று கரையான் புற்றுப் பக்கமே போகவில்லை. கொஞ்ச நேரத்தில் மணிக்கட்டிலும் அதே துடிப்பு தெரிந்தது. தவளை கைவழியாக இறங்குகிறது என்று முடிவு கட்டிவிட்டது. புற்றுத் தோண்டும் கையில் தவளை குடியேறினால் பிழைப்பு என்னாவது? ஓணான்கொடி ஒன்றைப் பிடுங்கி, பல்லால் இழுத்து, முழங்கைக்கு மேலே கட்டியது.

"இன்னும் இறுக்கு அண்ணே, நழுவிடப் போகுது" என்று சீட்டி கிளையிலிருந்து தன் சொந்தக் குரலில் எடுத்துக்கொடுத்தது. சிரிப்பை அடக்க அது பட்ட பாடு அதற்குத்தான் தெரியும்.

வெயில் சாய்வதற்குள் கை பானை மாதிரி உப்பிவிட்டது. உள்ளங்கை கன்றிக் கறுத்துப்போனது. நகத்தைக் கல்லில் தட்டிப் பார்த்தது கரடி. வலியே தெரியவில்லை. தவளை தப்பித்துக் கைக்குள் போய்விட்டது, இன்னொரு சுற்றுக் கட்ட வேண்டியதுதான் என்று மறுபடி கொடியைத் தேடியது.

விளையாட்டு வினையாகிவிட்டதைச் சீட்டி பார்த்தது. பறந்து வந்து, எல்லாம் விளையாட்டு, தவளையே கிடையாது என்று சத்தியம் செய்தது.

கரடி கண்ணைச் சுருக்கியது. "இப்ப நீ யார் குரல்ல பேசுற?"

அந்தச் சத்தம் எதனால் வருகிறது என்று காட்டினால்தான் கரடி நம்பும் என்று சீட்டி நினைத்தது. கரடியின் மார்பில் போய் உட்கார்ந்து காது கொடுத்தது. ஒரு சத்தம் எப்படிப் பிறக்கிறது என்று தெரியாமல் யாரும் அதைப் போட்டுவிட முடியாது. மரத்தில் அலகால் தட்டிப் பார்த்தது, அந்தச் சத்தம் வரவில்லை. திறந்த அலகைப் பட்டென்று மூடியது. வந்தது.

"அண்ணே, இது தட்டுற சத்தமில்ல, கதவு சாத்துற சத்தம். நெஞ்சு ரத்தத்தை நெட்டித் தள்ளுது. வந்த வழியே அது திரும்பிடாம பின்னாலேயே கதவைச் சாத்துது. கைக்குப் போன ரத்தம் வேற குழாய் வழியாத்தான் திரும்பணும். கொடிக்குக் கீழே புடைச்சு நிக்குதே, அதுதான் அந்தக் குழாய். அதை நெரிச்சு வச்சிருக்க. உள்ளே போனதுக்கு வெளியே வர வழியில்ல."

கரடி நம்பவில்லை. புதுக்கொடியைப் பல்லில் கவ்வியது. சீட்டி தாவிப் போய்த் தன் மார்பைக் கரடியின் காதோடு அழுத்திக்கொண்டது. உள்ளே தகரத்தில் மழை விழுவதுபோல் ஒரே படபடப்பு.

கரடியின் வாயிலிருந்து கொடி விழுந்தது. "உனக்குள்ளேயும் தவளையா? ரொம்பப் பயந்துபோயிருக்கே."

"பயந்துபோயிருக்கிறது நான்தான் அண்ணே. உன் கை போயிடுமோன்னு."

எந்தத் தொண்டையாலும் போட முடியாத சத்தம் அது என்று கரடிக்குப் பட்டது. கையில் கட்டியிருந்த கொடியைக் கடித்து அறுத்தது. கை முழுக்க எறும்பு ஊர்வதுபோல் குறுகுறுத்தது. வீக்கம் மெல்ல வடிந்தது. உள்ளங்கையில் சூடு திரும்பியது.

கரடி இலுப்பை மரத்தைச் சுற்றி ஓடியது. நெஞ்சு வேகமாக அடித்தது. உட்கார்ந்தது. நிதானமானது. மறுபடி ஓடியது, மறுபடி உட்கார்ந்தது. காலையில் தேனீக்களுக்குப் பயந்து ஓடி வந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"அப்போ, நாள் பூரா பட்டினி கிடந்து நான் மன்னிப்புக் கேட்டது என் நெஞ்சுகிட்டயேவா?"

கேட்டதும் கரடிக்குச் சிரிப்பு பீறிட்டது. வயிறு குலுங்கியது, சுனைத் தண்ணீர்கூட அதிர்ந்தது. சீட்டிக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

ஊரார் குரலிலெல்லாம் பொய் சொல்லிப் பழகியவன் உண்மை சொல்ல வரும்போது, அவனுக்குச் சாட்சி சொல்ல அவன் நெஞ்சு மட்டுமே மிஞ்சும்.