கேரி சுமந்த குழந்தை

அந்தக் காலத்தில் ஆங்கிலச் சொற்களுக்கு வாய் இருந்தது. ஓர் ஆற்றங்கரையில் ஊர் கட்டி வாழ்ந்தார்கள். பெயர்ச்சொற்களுக்கு வீடு உண்டு. வினைச்சொற்களுக்கு வேலை உண்டு. வினையுரிச்சொற்களுக்கு இரண்டும் கிடையாது. வினைச்சொல் ஒரு வேலையைச் செய்யும்போது பக்கத்தில் நின்று, அது எப்படி, எங்கே, எப்போது நடக்கிறது என்று சொல்வதுதான் அவர்கள் பிழைப்பு.

கேரி என்றால் சுமப்பது. அவன் ஆட்களைத் தோளில் தூக்கி ஆற்றைக் கடத்தி விடுவான், ஒரு நடைக்கு ஒருவர். கூடவே கேர்ஃபுலி போவாள். பேருக்கு ஏற்றபடி கவனமானவள். கல் வழுக்கும், இந்தப் பக்கம் வா, கொஞ்சம் நில் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே இருப்பாள். அவள் இல்லாமல் கேரி தண்ணீரில் கால் வைக்கக் கூடாது என்பது ஊர் வழக்கம்.

ஒரு நாள் மதர் என்ற தாய் காய்ச்சல் கண்ட கைக்குழந்தையோடு ஓடி வந்தாள். வைத்தியர் அக்கரையில் இருந்தார். முதலில் குழந்தை, அடுத்த நடையில் அவள் என்று பேச்சு. குழந்தையைக் கேரியிடம் கொடுத்துவிட்டு, துணி எடுத்து வர வீட்டுக்குத் திரும்பினாள். மழை இறங்குகிற மாதிரி இருந்தது. கேரிக்கு அவசரம்.

"நீ வந்தா ஆமை நடைதான். பேசாம வீட்டுக்குப் போ" என்றான் கேர்ஃபுலியிடம்.

"எனக்கு ஏது வீடு?" என்றாள் அவள்.

அவன் சிரித்தான். வேகத்துக்குப் பேர்போன ஃபாஸ்ட்டைக் கூட்டிக்கொண்டு ஆற்றில் இறங்கினான்.

மதர் திரும்பி வந்தபோது கேரி நனைந்துபோய்க் கரையில் நின்றான். தோளில் ஒன்றும் இல்லை.

மறுநாள் ஊர் கூடியது. கேரியோடு துணை போன வினையுரிச்சொல் மேல்தான் பழி விழுந்தது. தலைவர் சீஃப்புக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: வினையுரிச்சொல் என்றால் பெயரின் கடைசியில் 'லி' என்று ஒரு வால் இருக்கும். வால் உள்ளவர்களை எல்லாம் பிடித்துக் கட்டச் சொன்னார். கேர்ஃபுலியை முதலில் கட்டினார்கள். நான் போகவே இல்லை, ஃபாஸ்ட்தான் போனான் என்று அவள் சொன்னாள். அவனுக்குத்தான் வாலே இல்லையே என்று சீஃப் அவள் வாயை அடைத்துவிட்டார். லவ்லியும் கட்டுப்பட்டு அழுதுகொண்டிருந்தாள். பூவின் பக்கத்தில் நின்று அது அழகு என்று சொல்கிற பெயருரிச்சொல் அவள். எந்த வேலைக்கும் துணை போனதில்லை. அது யாருக்குக் கவலை? வால் இருந்தது, கட்டிவிட்டார்கள்.

மதர் அந்தக் கூட்டத்தைப் பார்க்கவே இல்லை. நேராகக் கேரியிடம் போனாள்.

"என் புள்ளைய எப்படித் தூக்கிட்டுப் போன?"

வினைச்சொல்லுக்குச் செய்யத்தான் தெரியும், எப்படிச் செய்தோம் என்று சொல்லத் தெரியாது. கேரி தலை குனிந்தான். ஆனால் கேள்வி கேட்டால் பதில் சொல்லாமல் இருக்க வினையுரிச்சொல்லால் முடியாது. கட்டப்படாமல் பின்னால் நின்ற ஃபாஸ்ட் முனகினான்.

"வேகமா, அக்கா."

"எங்கே விட்ட?"

இடம் சொல்லிப் பிழைக்கும் தேர் என்பவள் ஆற்றின் நடுவில் இருந்த சுழலைக் கைகாட்டினாள். "அங்கே."

"எப்போ?"

"நேத்து" என்றான் யெஸ்டர்டே. மூன்று பேருக்குமே வால் இல்லை.

சீஃப் கட்டுகளை அவிழ்க்கச் சொன்னார். மதர் யாரையும் திட்டவில்லை. துணியை மடியில் வைத்துக்கொண்டு சுழலுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

கேர்ஃபுலி மறுபடியும் கேரியோடு போனாள். ஆனால் ஒரு முறை விரட்டியவன் பக்கத்தில் நிலையாக நிற்க அவளால் முடியவில்லை. சொற்கள் வாக்கியமாக நடக்கும் வரிசையில் சில நாள் முன்னால் போவாள், சில நாள் நடுவில், சில நாள் எல்லோருக்கும் கடைசியில். அவள் இனமே அப்படி ஆகிவிட்டது.

அன்று முதல்தான், வாக்கியத்தில் வினையுரிச்சொல்லைத் தேடுகிற யாரும் வாலையும் நம்ப முடியாமல், நிற்கிற இடத்தையும் நம்ப முடியாமல், வினைச்சொல்லிடம் போய் அந்தத் தாய் கேட்டதையே கேட்க வேண்டியிருக்கிறது: எப்படி, எங்கே, எப்போது.