தலைவர் காரில் டக் டக்

இது நான் நேரில் பார்த்ததல்ல. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் சொன்னது.

சாமி, சகுனம், தாயத்து எல்லாவற்றையும் மேடையில் வெளுத்து வாங்குபவர் ராசிபுரத்துத் தலைவர் வெற்றிவேந்தன். அவருடைய பழைய காரில் திடீரென்று டக் டக் என்று சத்தம். தொண்டர்கள் சூழ்ந்து நிற்க, டிரைவர் செங்கோடன்மேல் பாய்ந்தார்.

“இன்ஜினைக் கெடுத்துட்டியேப்பா! இப்பவே சத்தத்தை நிறுத்து. இல்லைன்னா சாவியை வெச்சுட்டு நடையைக் கட்டு.”

செங்கோடன் இன்ஜினை ஓடவிட்டு பானெட்டைத் திறந்தார். உள்ளே கறுப்புக் கயிற்றில் ஒரு செப்புத் தாயத்து தொங்கி, ஏர் ஃபில்டர் மூடியைத் தட்டிக்கொண்டிருந்தது. விரலால் பிடித்தார், சத்தம் நின்றது. விட்டார், மறுபடியும் டக் டக். கட்டியது யாரென்று அவருக்குப் புரிந்துவிட்டது.

“இன்ஜின் நல்லாத்தானுங்க இருக்குது, தலைவரே. உங்களைக் கேவலப்படுத்த எவனோ தாயத்தைக் கட்டியிருக்கான்,” என்று கட்டிங் பிளேயரை நீட்டினார். “உங்க கையாலயே அறுத்து வீசுங்க. எல்லாரும் பாக்கட்டும்.”

தலைவர் வாங்கினார். கயிறு வரைக்கும் போன கை அங்கேயே நின்றுவிட்டது.

“இன்னைக்கு வேண்டாம்ப்பா,” என்றார் மெதுவாக. “அஷ்டமி.”

போன மாதம் ராசிபுரம் போனபோது, செங்கோடனிடம் கேட்டு பானெட்டுக்குள் பார்த்தேன். அவர்தான் இன்னும் டிரைவர். தாயத்தும் அங்கேயே இருக்கிறது, சத்தம் வராதபடி சைக்கிள் டியூப் சுற்றி.