முதலாளி காரில் டிரம் சத்தம்

தூத்துக்குடியில் தன் கல்யாண ஊர்வலத்தில் கேட்ட டிரம் அடி, முப்பது வருஷமாகியும் ஞானதிரவியத்தின் நெஞ்சில் இடித்துக்கொண்டிருந்தது. அவருடைய புதுக் காரில்தான் இடிக்கவில்லை. கார் ஆடியோ கடையின் முதலாளி அவர். இரண்டு கதவு ஸ்பீக்கர்களையும் தன் கையாலேயே மாட்டியிருந்தார். மாட்டியதில் ஏதோ தப்பு என்று வாயெடுத்த ஃபிட்டரை அன்றே வேலையை விட்டு அனுப்பிவிட்டார். மிச்சமிருந்தது வயர் வெட்டிக் கொடுக்கும் சூசையம்மாள்.

"டிரம்மை இடிக்க வைக்கிற மிட்பேஸ் சத்தம் செத்துக் கிடக்கு, சூசை. புதுசா ஒண்ணும் சேர்க்கக் கூடாது. என் வேலையில தப்பு சொல்லக் கூடாது. சாயங்காலத்துக்குள்ள டிரம் இடிக்கலைன்னா நீயும் கிளம்பு!"

"சேர்க்கலை முதலாளி. ஒண்ணைக் கழட்டுதேன்."

பாட்டை ஓடவிட்டு, இடது கதவு ஸ்பீக்கரின் வயரைப் பிடுங்கினாள். டிரம் 'தொம்'மென்று நெஞ்சில் இறங்கியது. காத்திருந்த வாடிக்கையாளர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"ஒரு ஸ்பீக்கர் போனா சத்தம் எப்படிட்டி கூடும்?"

"இதுல பிளஸ்ஸும் மைனஸும் மாறிக் கிடக்கு. ஒண்ணு காத்தை முன்னால தள்ள, இன்னொண்ணு பின்னால இழுக்க, ரெண்டு சத்தமும் ஒண்ணையொண்ணு அமுக்கிக்கிட்டிருந்துச்சு. மாட்டினது யாருன்னு நான் சொல்லமாட்டேன். நீங்கதான் சொல்லக் கூடாதுன்னுட்டீங்களே!"

கடையே சிரித்தது. வயரை அவரே மாற்றிச் செருகினார்.

அடுத்த திங்கட்கிழமை முதல் சூசையம்மாள்தான் அந்தக் கடையின் ஃபிட்டர்.